காத்தலும் கொடுத்தலும்

இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றின் ஊடே செல்லும் சாலையாகும். அன்னவாசலை அடுத்துச் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் தவமிருந்த கற்படுக்கைகள். அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகமும், மீனும், அன்னமும், பூக்கொய்யும் அடியார்களும். சற்று விலகிச் சென்றால் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு. சாலை சென்று சேரும் புதுக்கோட்டையின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்தில், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆட்சிக்காலத்தில், 1910-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அருங்காட்சியகம். மண்ணில் கிடைத்ததும், பாழடைந்த கோயில்களில் சிதறிக் கிடந்ததும், அரண்மனைக்கு உரியதாக இருந்ததும் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

நம் பகுதி மக்களுள் பலர் அந்த அருங்காட்சியகத்தை வாழ்நாளில் ஒருமுறை பார்த்திருப்பர். பள்ளிச் சுற்றுலாவின்போது வரிசையில் நின்று உள்ளே சென்று, வரிசையாகவே வெளியே வந்திருப்பர். அதற்குப் பின் அங்கே செல்லவேண்டிய தேவை எதுவும் அவர்களுக்கு எழுவதில்லை. பொருள்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கவலைப்பட அலுவலர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் போதுமானதாகிவிடுகிறது. இந்நிலையில் ஒரு கேள்வி எழுகின்றது. ஒரு மக்களின் நினைவுப் பொருள்களைச் சேதமின்றிப் பாதுகாத்துவிட்டால், காப்பவரின் கடமை முடிந்துவிடுகிறதா? அந்த நினைவுக்கு உரியவர்களுக்குத்தான் அதன்மேல் என்ன கடமை இருக்கிறது?

நம் ஆண்டவர் சொன்ன தாலந்து உவமையை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். மூன்றாவது பணியாளன் திருடவில்லை, வீண்செலவு செய்யவில்லை, தான் பெற்றதை ஒரு காசும் குறையாமல் திருப்பிக் கொடுத்தான். நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைப்பது அக்காலத்தில் நம்பிக்கையான பாதுகாப்பு முறையாகவே கருதப்பட்டது. ஆயினும் அவன் கண்டிக்கப்பட்டான். பாதுகாப்பில் அவனிடம் குறை காண எவராலும் இயலாது. ஒப்படைக்கப்பட்டது எதற்காக ஒப்படைக்கப்பட்டதோ, அந்த நோக்கத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டான் என்பதே அவன்மீது சாட்டப்பட்ட குற்றம்.

இதனால் அருங்காட்சியகங்களைப் பழிக்கவேண்டும் என்பதில்லை. காப்பாரற்றுப் போனவற்றின் கதி என்ன என்பதைச் சித்தன்னவாசலே சொல்லும். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த காரணத்தாலும், வந்து சென்றோரின் கைவரிசையாலும் அங்கிருந்த ஓவியங்களின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியதைக் காப்பதற்குக் காவலும் கட்டுப்பாடும் தேவைப்பட்டன. சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது, அருங்காட்சியகமும் அரசின் பொறுப்புக்கு வந்து பொதுச்சொத்தாயிற்று. பூட்டும் காவலும் நன்மைக்கே. எனினும் அவை முதற்படிதான். முதற்படியில் நின்றுவிட்டவனே அந்த மூன்றாவது பணியாளன்.

இரண்டாம் படி எது என்பதைக் காண்பதற்கு, நமக்கு வெகுதொலைவில் உள்ள ஒரு மக்களின் முயற்சி உதவும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லத்தீனோ மக்கள் என்போர் வாழ்கின்றனர். இங்கே 'லத்தீன்' என்பது நாம் அறிந்த வழிபாட்டு முறையைக் குறிப்பதன்று. மெக்சிகோ, புவர்ட்டோ ரிக்கோ முதலிய லத்தீன் அமெரிக்க நிலங்களை வேராகக் கொண்ட மக்களையே குறிக்கும். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்க மரபில் வந்தவர்கள். நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் குடியேறி, கடின உழைப்பால் வாழ்ந்த புவர்ட்டோ ரிக்கோ மக்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபோது, தங்கள் முன்னோரைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே கற்பிக்கப்படுவதில்லை என்பதைப் பெற்றோர் உணர்ந்தனர். அதே நகரில் உலகப் புகழ்பெற்ற பெரிய அருங்காட்சியகங்கள் இருந்தன. அவற்றின் சுவர்களில் அம்மக்களின் முகம் இல்லை.

பெற்றோரும் ஊர்ப்பற்றுள்ளோரும் எழுப்பிய கோரிக்கையின் பயனாக, 1969-இல் ரஃபாயேல் மோன்டான்யெஸ் ஒர்த்திஸ் என்ற ஓவியரும் ஆசிரியருமான ஒருவர், ஒரு பொதுப் பள்ளியின் வகுப்பறையில் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 'எல் மூசெயோ தெல் பாரியோ' என்பது அதன் பெயர். 'பாரியோ' என்றால் குடியிருப்பு; நம் வழக்கில் தெரு, சேரி, பேட்டை என்று சொல்வது போல. தங்கள் குடியிருப்பின் பெயரையே அருங்காட்சியகத்திற்குச் சூட்டிக்கொண்டதில் ஒரு தன்மானம் இருக்கிறது. அதன் வாசல் கலைப்பொருளுக்கு மட்டும் திறந்திருக்கவில்லை. மூன்று அரசர்கள் திருநாளை ஒட்டி ஆண்டுதோறும் சனவரியில் அது நடத்தும் ஊர்வலத்தில் சிறுவரும் பெரியோரும் இசையோடு தெருவில் செல்கின்றனர். திருக்காட்சிப் பெருவிழா நம் பங்குகளில் ஒரு ஞாயிறு மறையுரையோடு முடிந்துவிடுவதை எண்ணும்போது, ஓர் அருங்காட்சியகம் அதைத் தெருவிழாவாகக் கொண்டாடுவது வியப்பையே தருகின்றது.

சிகாகோ நகரில் 1982-இல் கார்லோஸ் டோர்ட்டோலெரோ என்ற பள்ளி ஆசிரியர், தம்மோடொத்த சில ஆசிரியர்களுடன் 900 டாலர் கைப்பணத்தோடு இன்னொரு முயற்சியில் இறங்கினார். 1987-இல், மெக்சிகோ வழியினர் மிகுதியாக வாழும் பில்சன் பகுதியின் பூங்கா ஒன்றில், அவர்களது அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அது மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் எனப்படுகின்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது அதன் தொடக்கநாள் கொள்கை. தன் பாட்டியின் கைவேலையைக் காண்பதற்குப் பேத்தி காசு கொடுக்கவேண்டியதில்லை என்பது அதில் அடங்கிய நியாயம்.

அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் இறந்தோர் நாள் கண்காட்சி நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் மெக்சிகோ மக்கள் தம் வீடுகளில் இறந்தோருக்காகப் படையல் பீடம் அமைப்பர். அவரது நிழற்படம், எரியும் மெழுகுதிரி, ஒரு குவளைத் தண்ணீர், சிறிது உப்பு, அவர் விரும்பி உண்ட பண்டம், எங்கும் செண்டுமல்லிப் பூக்கள். இத்தகைய பீடங்களைக் கலைஞர்களும் குடும்பத்தினரும் அருங்காட்சியகத்திற்குள் எழுப்புகின்றனர். கொள்ளைநோயில் மாண்டவர்களை நினைந்து 2021-இல் பீடங்கள் எழுந்தன. அருகிருந்து அழவும், உடலைத் தொட்டு விடைகொடுக்கவும் வாய்ப்பின்றித் தவித்த குடும்பங்களுக்கு, அழுவதற்கு ஓர் இடத்தை ஓர் அருங்காட்சியகம் அளித்தது.

இதைப் படிக்கும் நம் மனத்தில் கல்லறைத் திருநாளின் காட்சி எழாமல் இராது. நவம்பர் 2-ஆம் நாள் நாமும் கல்லறைகளைத் துப்புரவு செய்து, சுண்ணாம்பு பூசி, மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றுகிறோம். அருள்பணியாளர் மந்திரித்த தீர்த்தம் தெளித்து வருகையில், தாத்தாவின் பெயரைப் பேரனுக்குச் சொல்கிறோம். இறந்தோர்முன் எவ்வாறு நிற்பது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அருங்காட்சியகத்தில் ஒரு முதுமக்கள் தாழியின்முன் எவ்வாறு நிற்பது என்பது நமக்குத் தெரியவில்லை. அதன் அருகே உள்ள சீட்டு காலத்தையும் இடத்தையும் சொல்கிறது. அத்தாழி யாரோ ஒருவருடைய அன்னையின் கல்லறை என்பதையும், அதை வனைந்து, சுமந்து, புதைத்து அழுத மக்கள் இதே மண்ணில் நடந்தவர்கள் என்பதையும் அச்சீட்டு சொல்வதில்லை. சீட்டின் குறை அது என்று மட்டும் கருதிவிட இயலாது. அருகில் நின்று அதைச் சொல்லத்தக்க ஒருவரை நாம் அனுப்பி வைக்கவில்லை.

யோசுவாவின் நூலில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரயேல் மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள். அக்கற்களுக்குத் தம்மளவில் எந்த அழகும் இல்லை. பின்னாளில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவை என்ன என்று தந்தையரைக் கேட்கவேண்டும்; தந்தையர் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்லவேண்டும் என்பதே நோக்கம். கல் ஒரு பாதி. பிள்ளையின் கேள்வியும் மூத்தோரின் விடையும் மறுபாதி. மறுபாதி இல்லாதபோது, நினைவுச்சின்னம் வெறும் கல்லாகிவிடுகின்றது. கிழக்கு ஹார்லெமின் பெற்றோரும் பில்சன் ஆசிரியர்களும் செய்தது, அந்த மறுபாதியைத் தேடிக்கொண்டதுதான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அம்மக்கள் காப்பது தங்கள் முன்னோரின் பொருளை. சித்தன்னவாசலோ சமணருடையது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்வோர் இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவருமாவர். பிறர் விட்டுச்சென்றதற்கு நாம் எப்படி உரியவராவோம்? நியாயமான ஐயமே. ஆனால் அந்தக் குகைக்கோயிலே இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கின்றது. அவர் அதைக் குடைந்தவர் அல்லர். தமக்கு முன்னோர் விட்டுச்சென்றது சிதைவதைக் கண்டு, அதன் பொறுப்பை ஏற்றவர். பொறுப்பை ஏற்றதனால் அதன் வரலாற்றில் அவருக்கு இடம் கிடைத்தது. பிறப்பினால் வரும் உரிமை ஒன்று. கடமையை ஏற்பதனால் வரும் உரிமை மற்றொன்று. அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலான் யார் என்ற கேள்விக்கு நம் ஆண்டவர் அளித்த விடையும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததே. சமாரியன் உறவினால் அயலானாகவில்லை. இரங்கிச் செயல்பட்டதனால் அயலானான்.

கைவிடப்பட்ட பொருளின் மீதும் உரியவரின் உரிமை அழிவதில்லை என்பதைச் சட்டமும் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. தஞ்சைப் பகுதியின் பத்தூரில், பாழடைந்து கிடந்த சிவன் கோயிலின் அருகே 1976-இல் மண்ணிலிருந்து ஒரு நடராசர் திருமேனி வெளிப்பட்டது. அது கைமாறிக் கைமாறி இலண்டனைச் சென்றடைந்தது. அதை மீட்பதற்காக நடைபெற்ற வழக்கில் அந்தக் கோயிலும் ஒரு வழக்காளியாக நின்றது. வழிபாடற்றுக் கிடந்தபோதிலும் கோயில் தன் உரிமையை இழக்கவில்லை என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் நடராசர் தாயகம் திரும்பினார். அரியலூர் மாவட்டத்தின் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவாடப்பட்ட நடராசரை, 2014-இல் ஆஸ்திரேலியா திருப்பித் தந்தது. மகிழத்தக்க செய்திகளே. ஆயினும் மீட்கப்படும் திருமேனிகள் பலவும், மீண்டும் களவுபோகும் என்ற அச்சத்தால், தம் ஊருக்குச் செல்லாமல் பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைக்கப்படுகின்றன. கடல் கடந்து வந்தவர், கடைசிச் சில கல் தொலைவைக் கடக்க இயலாமல் நிற்கிறார். காப்பதற்கு ஊரில் ஆளில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணத்தைப் போக்கும் பொறுப்பு ஊராருக்கே உரியது.

இக்கேள்வி திருச்சபைக்கும் புறம்பானதன்று. தன்னிடம் இருந்த பார்த்தினன் ஆலயச் சிற்பத் துண்டுகள் மூன்றை, 2023-இல் வத்திக்கான் கிரேக்கத்திற்கு அனுப்பி வைத்தது. கவர்ந்து வந்தவற்றைத் திருப்பித் தருவது குறித்து அவ்வாண்டில் பேசிய திருத்தந்தை பிரான்சிசு, ஏழாம் கட்டளையையே அதற்கு அளவுகோலாகக் காட்டினார். 1925-ஆம் ஆண்டின் மறைபரப்புக் கண்காட்சிக்காக உலகின் பல பகுதிகளிலிருந்தும் உரோமைக்குப் பொருள்கள் திரட்டப்பட்டன. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 2025 நவம்பரில், திருத்தந்தை பதினான்காம் லியோ கனடாவின் பழங்குடி மக்களுக்கு உரிய 62 பொருள்களை அந்நாட்டு ஆயர்களிடம் ஒப்படைத்தார். நன்னோக்கத்தோடு காத்தவருக்கும், கொடுத்துவிட வேண்டிய காலம் ஒன்று வருகிறது.

எனினும் சமூகம் என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாளவேண்டும். சமூகமும் மறக்கிறது; வேண்டுமென்றே மறக்கவும் செய்கிறது. சிகாகோ அருங்காட்சியகம் 2006-இல் மெக்சிகோவில் ஆப்பிரிக்க மக்களின் பங்கு குறித்து ஒரு கண்காட்சி நடத்தியது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் குருதி தங்கள் வரலாற்றில் கலந்திருப்பதை மெக்சிகோ மக்களே பேச விரும்பாதிருந்தனர். பிறர் தம்மை மறந்துவிட்டார்கள் என்று வருந்தியவர்கள், தாம் யாரை மறந்தோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார்கள். ஓர் அருங்காட்சியகம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய கடினமான தொண்டு இதுவே.

நம்மிடையே இக்கேள்வியை எழுப்பினால் என்ன விடை கிடைக்கும்? ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையின் கல்வெட்டு, அதை யாருக்காக யார் செய்தளித்தார் என்பதைப் பெயரோடு சொல்கின்றது. அரசரின் வாளுக்கு அரசரின் பெயர் இருக்கிறது. வாளை வடித்த கொல்லரின் பெயரும், தாழியை வனைந்த குயவரின் பெயரும், பறையைக் கட்டியவரின் பெயரும், ஏரியை வெட்டியவர்களின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. திருச்சபைக்குள்ளும் நிலை வேறாக இருந்ததில்லை. ஆலயத்தில் இடம் பிரித்து அமரச் செய்ததும், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பி இறந்தோரையும் சாதியால் பிரித்ததும் தமிழகக் கத்தோலிக்க வரலாற்றின் ஒரு பகுதியே. அதை மறைத்துவிட்டு எழுதப்படும் எந்தப் பங்கு வரலாறும் பாதி வரலாறுதான். பீடத்தைக் கொடுத்தவரின் பெயரைப் பளிங்கில் பொறிக்கும் நாம், அதற்குக் கல் சுமந்தவரின் பெயரை ஒரு தாளிலாவது எழுதிவைக்க வேண்டாமா?

நம் மாவட்டத்து ஆவூரில், பெரியநாயகி மாதா ஆலயத்தில், உயிர்ப்புக் காலத்தில் பாஸ்கு நாடகமும் தேர்த்திருவிழாவும் நடைபெற்று வருகின்றன. அதைக் காணச் செல்வோரில் பிற சமயத்தவரும் உண்டு. அங்கே நினைவு கண்ணாடிக்குள் இல்லை; மனிதரின் குரலில், கையில், தோளில் இருக்கிறது. வேடம் கட்டுபவரிடமிருந்து அவர் மகன் கற்கிறான். கேட்பவரும் சொல்பவரும் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். ஆனால் இந்த வழிக்கும் ஓர் இடர் உண்டு. ஒரு தலைமுறை ஊரைவிட்டுப் பிழைப்புக்குச் சென்றுவிட்டால், மனப்பாடமாக இருந்தது மறைந்துபோகும். பாஸ்கு பாடல்களின் பழைய கையெழுத்துப் படிகள் எத்தனை ஊர்களில் இன்று பத்திரமாக இருக்கின்றன? ஆகவே கண்ணாடிப் பேழையும் வேண்டும். மனிதக் குரலும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முடியாது.

இதற்குப் பெரும்பொருள் தேவை என்று எண்ணித் தயங்கவேண்டியதில்லை. ஒரு வகுப்பறையில் தொடங்கியதையும், 900 டாலரில் தொடங்கியதையும் மேலே கண்டோம். ஒவ்வொரு பங்கிலும் ஓர் அறை கிடைக்காதா? பழைய நிழற்படங்கள், கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்கள், வழக்கொழிந்த ஏற்றச் சாலும் மரக்காலும், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்கள் அனுப்பிய கடிதங்கள் எனப் பல பொருள்கள் வீடுகளில் யாருக்கும் பயனின்றிக் கிடக்கின்றன. உரியவரின் இசைவோடு அவற்றைப் பெற்று, யார் வீட்டுப் பொருள், யார் செய்தது, யார் பயன்படுத்தியது என்று பெயரோடு எழுதி வைக்கலாம். கொடுத்தவர் திரும்பக் கேட்கும்போது மறுக்காமல் கொடுத்துவிடுவது முதல் விதியாக இருக்கட்டும். கல்லறைத் திருநாளன்று மாலையில் அவ்வறையைத் திறந்து, ஊரின் மூத்தோர் இருவரை அங்கே அமரச் செய்யலாம். எந்தத் தெருவிலிருந்து அவர்களை அழைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இதுவரை அழைக்கப்படாத தெருவிலிருந்து ஒருவர் வருவது நன்று. மறைக்கல்வி ஆசிரியர்கள் தம் மாணவரைத் திருக்கோகர்ணத்திற்கும் சித்தன்னவாசலுக்கும் அழைத்துச் செல்லும்போது, முன்னதாக ஒரு நாள் தாம் சென்று பார்த்து, விடை சொல்லத் தகுதியுள்ளவர்களாகத் திரும்பி வரலாம்.

தாலந்தைப் புதைத்தவன் தன் தலைவருக்கு அஞ்சியே அவ்வாறு செய்ததாகச் சொன்னான். நாம் எதற்கு அஞ்சுகிறோம் என்பதை நாமே ஆராய்ந்து பார்க்கவேண்டும். பொருள் சேதமாகும் என்று அஞ்சுகிறோமா, அல்லது பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அஞ்சுகிறோமா? இவற்றை வனைந்தவர் யார், அவர் பெயர் ஏன் இங்கே இல்லை, இந்தச் சுவர் ஏன் கட்டப்பட்டது என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அப்போது விடைசொல்ல நாம் அருகில் இருப்போமானால், காத்தவரும் கடமை முடித்தவராவார். பெற்றவரும் உரிமை பெற்றவராவார்.